வான்கோளத்துக்குள் அண்ணை

மொன்றியல் அருங்காட்சியகத்தில் பழைய வான்கோளத்தின் கதவைத் திறந்து மூடுவது றெஜினாவின் வேலை. ஆட்கள் உள்ளே உட்கார்ந்ததும் கோளம் சுழலும். அதன் துளைகள் நட்சத்திரங்களாக மின்னும்.

அன்று அவளுடைய தமையன் அல்பேட், எண்ணெய்க்கறை படிந்த சமையல் உடுப்போடு வந்தான்.

“உன் சொந்தக்காரரா?” என்று கூட வேலை செய்பவள் பிரெஞ்சில் கேட்டாள்.

“இல்லை, யாரோ,” என்றாள் றெஜினா.

அது அவனுக்குக் கேட்டுவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தான்.

சுழன்று முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். அவன் வரவில்லை. உள்ளே ஆட்கள் உட்காரும் வாங்கு மட்டும் வெறுமையாக இருந்தது. வேறு வாசலும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவனுக்குப் போன் எடுத்தாள்.

“நான் இன்னும் லொங்குய்ல வீட்டிலதான் நிக்கிறன், றெஜி. சேட் அயன் பண்ணுறன். வேலை உடுப்போட வந்தா உனக்கு வெக்கமெல்லோ.”

“அப்பிடியே வாங்கோ, அண்ணை,” என்றாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால், வெறும் கோளத்துக்குள் இருந்து அவன் மெல்லச் செருமினான். எந்த முகத்தோடு திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.