கொல்லைப்புற ஜிம்

கொல்லைப்புறக் கதவைத் திறந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மரக்கிளையில் தன் அண்ணன் தொங்குவதைப் பார்த்து அலறிவிட்டார்.

"கத்தாதீங்க தம்பி, எண்ணிக்கை தப்பிடும்" என்றாள் அண்ணி. கையில் ஸ்டாப் வாட்ச். "முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு..."

அப்புறம்தான் ஏஜென்ட் கவனித்தார். கயிறு கழுத்தில் இல்லை, கையில் இருந்தது. முப்பத்தைந்தாவது வினாடியில் அண்ணனின் நூற்றுப் பத்துக் கிலோவும் ஒரே மூட்டையாக வந்து விழுந்தது. நல்லவேளை, கீழே ரப்பர் பாய் விரித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு நம்ம தோட்டம்?" என்று அண்ணி சுற்றிக் காட்டினாள்.

ஒரு மாதம் முன்புவரை துணி உலர்த்தவும் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கவும்தான் அந்த இடம். 'உங்கள் தோட்டமே உடற்பயிற்சிக் கூடம், ஓய்வுக் கூடம்' என்று வாரப் பத்திரிகையில் வந்த பக்கத்தை வெட்டி, அடுப்படிக் கதவில் ஒட்டி, ஒவ்வொன்றாகச் செய்திருந்தாள். ஏறுவதற்குக் கயிறு. தவழ்வதற்கு சிமென்ட் குழாய். வெறுங்காலில் நடக்க சரளைக்கல் பாதை. மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஓய்வு மூலை, அதில் ஒரு பெஞ்சு.

"இதுல படுத்து ஓய்வெடுக்கணுமா அண்ணி?"

"இதுக்கு அடியில. அசையாம அரைமணி நேரம். மனசு அப்படியே அடங்கிடும்."

அண்ணனைப் பார்த்தால் மனசு மட்டுமல்ல, மொத்த ஆளே அடங்கிவிடுவார் போலிருந்தது. அவருக்கு ஏதோ சொந்தத் தொழில். மாதத்தில் நாலு நாள் வெளியே போவார், மீதி நாள் உட்கார்ந்து சாப்பிடுவார். செருப்பு மாட்டக் குனிந்தாலே நாலு பெருமூச்சு விடுகிற மனிதர் அவர்.

ஏஜென்டின் கவலை வேறு. அண்ணன் பெயரில் பெரிய பாலிசி எடுத்து அன்றோடு ஒரு மாதம். எடுக்கச் சொன்னது அண்ணி. போட்டுக் கொடுத்தது சாட்சாத் இவரே. படிவத்தை நிரப்பும்போது அண்ணி கேட்ட கேள்விகள் இப்போது காதில் திரும்ப ஒலித்தன.

"உயரத்துலேர்ந்து விழுந்தா குடுப்பாங்களா தம்பி? நாய் கடிச்சா?"

நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ என்று ஏஜென்டுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தின் மேலேயும் ஒரு சந்தேகம் வந்தது. எதற்கும் மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொண்டார். திங்கள்: குழாய்க்குள் கால்மணி நேரம், வெளியே வரும்போது முகம் நீலம். செவ்வாய்: சரளைக்கல்லில் இருபது சுற்று, இரண்டு பாதமும் கொப்புளம். புதன்: மதியச் சாப்பாடு ஒன்றரை வெள்ளரிக்காய்.

வியாழக்கிழமை அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணனை ஓரம்கட்டினார்.

"அண்ணே, இதெல்லாம் நிறுத்திடுங்க. அண்ணி உங்களை ஒரேயடியா அனுப்பி வைக்கப் பாக்கறாங்க!"

"ஆமாடா. பத்தாம் தேதி" என்றார் அண்ணன், வெள்ளரிக்காயைக் கடித்தபடி.

"தேதியே குறிச்சாச்சா!"

"அவ சொன்னா சரியாத்தான்டா இருக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து எல்லாம் அவ போடற திட்டம்தான்."

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அண்ணன் அவசரமாகக் குழாய்க்குள் தலையை விட்டார்.

அன்றிரவு ஏஜென்டுக்குத் தூக்கம் வரவில்லை. போலீசுக்குப் போகலாம், போய் என்ன சொல்வது? அண்ணி அண்ணனை உடற்பயிற்சி செய்யச் சொல்கிறாள் என்றா? ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஏற முடியாதவன் விழவும் முடியாது.

மறுநாளிலிருந்து பாலிசி ஃபைல்களுக்கு நடுவே கிரீம் கேக் வந்தது. பொரித்த கோழி வந்தது. வெண்ணெய் பிஸ்கட் பெட்டி பெட்டியாக வந்தது. மதில் வழியாகக் கை நீளும். குழாய்க்குள்ளிருந்து இன்னொரு கை வாங்கிக்கொள்ளும். அண்ணன் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வாய் காலியாக இருந்தால்தானே!

"பயிற்சி பண்ணப் பண்ண எடை ஏறுற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு சுத்துகூட நடக்க முடியல. தள்ளிப் போடவும் வழியில்ல."

ஏஜென்ட் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். உடன்பிறப்பின் உயிரைக் காப்பாற்றிய சிரிப்பு.

பத்தாம் தேதி மதியம் போன் அடித்தது. மறுமுனையில் அண்ணி.

"தம்பி, உடனே வாங்க. என் ஒருத்தியால முடியல."

"ஐயோ! அண்ணனை எந்த ஆஸ்பத்திரில சேர்த்திருக்கீங்க?"

"பெரிய டாக்டர் வீட்டுல இருக்கார். மூணாவது தெரு, பச்சை கேட்."

"அப்பாடா, டாக்டர் பார்த்துக்குவார் அண்ணி. பதறாதீங்க."

"டாக்டர் குடும்பத்தோட ஊருக்குப் போயிருக்காரு தம்பி!"

ஒன்றும் புரியாமல் ஏஜென்ட் ஆட்டோ பிடித்து ஓடினார். பச்சை கேட்டுக்கு வெளியே கூட்டம். உள்ளே ஒரு போலீஸ் ஜீப், ஒரு தீயணைப்பு வண்டி. பூட்டிய வீட்டின் பின்பக்கம், குளியலறைச் சுவரை இரண்டு பேர் உளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கொப்புளங்களோடு இரண்டு பருத்த கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

"பதினாறு வருஷமா நமக்கு இவனோட கால்தடம் மட்டும்தான் சார் கிடைச்சுது, இன்னிக்குத்தான் காலே கிடைச்சிருக்கு!" என்று இன்ஸ்பெக்டருக்கு சல்யூட் அடித்தார் ஏட்டு.