நம்ம துறை

பேரீச்சம்பழ மூட்டை ஏற்றும் பாலைவனத்துத் துறைமுகத்தில், படகு கட்டுகிற கல்தூண் நான். இங்கே நடக்கும் கூத்தையெல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டியது என் தலைவிதி.

மலைக் கூட்டத்து ஒட்டகமும் மணல் கூட்டத்து ஒட்டகமும் தினமும் சண்டை போடும். "இது எங்க துறை!" என்று ஒன்று கத்தும். "இல்லை, எங்க துறை!" என்று மற்றது எச்சில் துப்பும். வெயில் ஏறியதும் இரண்டும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் மலை ஒட்டகத்துக்குக் கோபம் முற்றிவிட்டது. கடலில் நின்ற அந்நியக் கப்பலின் பீரங்கியைத் துணைக்குக் கூப்பிட்டது. "வேண்டாம்டா" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

பீரங்கி கரையில் இறங்கி ஒரே ஒரு முறை வெடித்தது. மணல் ஒட்டகம் மண்டியிட்டது. கிணற்றுச் சுவரில் பாதியைக் காணோம்.

மலை ஒட்டகத்துக்கு வாயெல்லாம் பல். வந்த விருந்தாளியிடம் மரியாதையாகப் பேச வேண்டுமாம். "உட்காருங்க ஐயா, இது நம்ம துறை. கூச்சப்படாதீங்க" என்றது.

"அட மடையா, 'எங்க துறை'ன்னு சொல்லு!" என்று கத்தினேன். தினமும் தொண்டை கிழியக் கத்திய சொல், வேண்டிய நேரத்தில் அதன் வாயில் வரவில்லை.

"நம்ம துறையா? ரொம்பச் சந்தோஷம்" என்று பீரங்கி சக்கரத்தை மணலில் அழுத்தி உட்கார்ந்தது.

மறுநாள் இரண்டு ஒட்டகங்களும் தண்ணீர் குடிக்க வந்தன. பீரங்கி அவற்றின் பக்கம் வாயைத் திருப்பியது.

"யாருடா அது? எங்க துறையில உங்களுக்கு என்ன வேலை?"