நாலு மணிக்கு வந்தால் போதும்

மதியம் இரண்டு நாற்பது. ஒன்பது மணிக்கு வரவேண்டிய லாரியைக் காணோம்.

கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து மகளுக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது.

அம்மாவின் வீடு இருபத்தாறு அட்டைப்பெட்டிகளாகக் கூடத்தில் கிடந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் லாரிக் கம்பெனியின் பெயர், கீழே போன் நம்பர், அதற்கும் கீழே ‘சொன்ன நேரம், சொன்ன இடம்’.

அந்த வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடத்தில் நாற்பது வகுப்புகளுக்கு டைம்டேபிள் போடுகிறவள் அவள். இன்றைக்கும் ஒன்று போட்டு வைத்திருந்தாள். ஒன்பதுக்கு லாரி. பத்தரைக்குள் சாமான்கள் முன்னால் போய்விடும். பதினொன்றுக்கு அம்மாவைக் காரில் ஏற்றிக் கிளம்ப வேண்டும். பேச வேண்டியதை வழியில் பேசிக்கொள்ளலாம்.

ஐந்து மணிக்கு, வீட்டை வாங்கியவர் சாவிக்கு வருவார். பெயிண்டரையும் கையோடு கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து பதினோரு தடவை போன் செய்தாயிற்று. எடுத்தது ஒரு பெண். எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

“பத்து நிமிஷத்துல வந்துடும் மேடம்.”

ஏழாவது தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை. “உங்க கம்பெனில பத்து நிமிஷம்னா எத்தனை மணி நேரம்?”

“லைன்லயே இருங்க மேடம்,” என்று அந்தப் பெண் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பக்கம் இப்படி என்றால், இந்தப் பக்கம் அம்மா.

அம்மா பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். மகள் ஒன்றை மூடி டேப் ஒட்டி நிமிர்வதற்குள் இன்னொன்று வாயைப் பிளந்திருக்கும். இரண்டு நாள் முதுகு ஒடியக் கட்டியவை.

முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் பார்சல் வாங்கியவள் அம்மா. அடுத்தவர் போட்ட கட்டு அவளுக்கு ஆகாது.

“இப்படிக் கட்டி எங்கிட்ட கொண்டுவந்திருந்தா, மூஞ்சியைக்கூடப் பாக்காம திருப்பி அனுப்பியிருப்பேன்டி.”

“அம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு இடத்துல உக்காரு.”

அம்மா உட்காரவில்லை. பெரிய பாத்திரங்களை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். ஒரு டஜன் தட்டுகளை எடுத்தாள். அதில் ஒன்றை மட்டும் துடைத்து வேறு பெட்டிக்குள் வைத்தாள்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்து நாளாகவே அம்மாவோடு இந்தப் பாடுதான். “உன் வீட்டு மாடிப்படியில என் கட்டில் ஏறாதுடி” என்று காலையும் மாலையும் ஒரே பல்லவி. “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்று மகளும் சொல்லிச் சொல்லி நாட்களை ஓட்டியிருந்தாள்.

பன்னிரண்டாவது தடவை ஓர் ஆண் குரல் எடுத்தது. வயதானவர். முதலாளியாக இருக்க வேண்டும்.

அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். போட்ட லீவு, கொடுக்க வேண்டிய சாவி, வரப்போகும் பெயிண்டர், பாட்டைப் போட்டுவிட்டுப் போன பெண், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அம்மாதானேம்மா நாலு மணிக்கு வந்தா போதும்னு சொன்னாங்க?”

“நான் எப்பங்க சொன்னேன்? நானா சொன்னேன்?”

“நீங்க இல்லம்மா. அம்மா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டிக்குள் குனிந்திருந்தாள்.

“எட்டரைக்கு போன் பண்ணாங்கம்மா. மக வீட்டு மாடிப்படி குறுகல், கட்டிலைக் கழட்டித்தான் ஏத்தணும், ஸ்பேனர் எடுத்துட்டு வாங்கன்னாங்க. நான் புக்கிங் சீட்டைப் பாத்தேன். மாடிப்படி எதுக்கும்மா, முதியோர் இல்லத்துல பெரிய லிஃப்டே இருக்கு, நாங்க மாசம் ரெண்டு தடவை அங்க சாமான் எறக்கறவங்கதான்னு சொன்னேன்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சீட்டுல இருக்கற அட்ரஸை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, நாலு மணிக்கு வந்தா போதும், சாமான் அவ்வளவு இருக்காதுன்னு. ஏம்மா, நான் சொன்னது ஏதும் தப்புங்களா?”

அவள் போனை வைத்தாள்.

டேப்பின் நுனி விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. உதறினாள். மறு கையில் ஒட்டிக்கொண்டது.

கதவோரம் ஐந்து பெட்டிகள் தனியாக இருந்தன. அவள் கட்டியவை அல்ல. சணல் கயிறு, குறுக்கும் நெடுக்கும், விரல் நுழையாத இறுக்கம். மற்ற இருபத்தொன்றும் திறந்து கிடந்தன.

என்ன சொல்ல வேண்டும் என்று பத்து நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். இடம் சுத்தமானது, டாக்டர் தினமும் வருவார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் வருவேன். இந்த வரிசையில்தான் சொல்வதாக இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். கையில் ரேடியோ. அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள், நின்றாள், கதவுப் பக்கம் திரும்பினாள், மறுபடியும் நின்றாள்.

“ஏண்டி, அங்க ரூம்ல நான் மட்டும்தானா, இல்ல கூட இன்னொருத்தங்க இருப்பாங்களா?”