வெள்ளிச் சிறகுக் குதிரை

கேமராப் பைக்குள் அக்கா கையை விட்டாள். சுருட்டி அடைத்திருந்த துண்டுதான் வெளியே வந்தது.

“கேமரா எங்கடா?”

“வித்துட்டேன்.”

“நாளைக்குக் கல்யாணத்துல துண்டை வெச்சா படம் எடுக்கப் போறே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கேமராதான் அவனுக்குச் சோறு போட்டது. அதை விற்ற காசு மொத்தமும் பெட்டிகளாகக் கரைந்துபோயிருந்தது.

ஃபோனில் அவன் ஆடும் விளையாட்டில், காசு கட்டினால் மூடிய பெட்டி ஒன்று வரும். உள்ளே என்ன என்பது திறந்தால்தான் தெரியும். அவனுக்கு வேண்டியது வெள்ளிச் சிறகு முளைத்த குதிரை. முந்நூறு பெட்டிகளில் வந்ததெல்லாம் தொப்பியும் செருப்பும்தான்.

“முப்பது வயசுக் கழுதைக்குக் குதிரை கேக்குதா? எந்தக் கண்றாவி அது, காட்டு!”

ஃபோனைப் பிடுங்கித் திரையைப் பார்த்தாள். அதுவரை உரக்கக் கத்திக்கொண்டிருந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“கணக்கையே அழிச்சிடலாம். இப்பவே.”

எட்டு மாதமாக ஆடுகிற அவனுக்கே அதை எங்கே அழிப்பது என்று தெரியாது. அவள் விரல் தடுமாறாமல் நான்கு பக்கங்களைத் தாண்டி, அடியில் மங்கலாக ஒளிந்திருந்த எழுத்தைத் தொட்டது. கணினி வேலை பார்க்கிறவளாயிற்றே என்று நினைத்தான். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை.

“உன் கைரேகை கேக்குது. கண்ணை மூடிக்கிட்டு விரலை வை. என்ன சத்தம் வந்தாலும் திறக்காதே.”

ஒழியட்டும் சனியன் என்று விரலைக் கொண்டுபோனான். தொடுவதற்குள் கலகலவென்று மணியோசை. கண் தானாகத் திறந்துகொண்டது.

‘போவதற்கு முன் ஒரு பரிசு’ என்றது திரை. பெட்டி பிளந்து, வெள்ளிச் சிறகை விரித்தபடி குதிரை எழுந்து நின்றது.

அவன் ஃபோனைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“பாத்தியா? கெடுக்கப் பாத்தியேக்கா! இனிமே எவ சொன்னாலும் விட மாட்டேன். என் அதிர்ஷ்டம் இது!”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அதிர்ஷ்டம் இல்லடா. விடப் போறவனுக்கு மட்டும் அதைக் குடுன்னு இந்த விளையாட்டுல எழுதி வெச்சதே நான்தான்.”