மட்டாஞ்சேரியில் மிளகு இல்லை

கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த ஜெட்டை சேவியர் உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பித்தளைத் துண்டு. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுவது அதுதான்.

பக்கத்து வீட்டு சேவியர் நல்லவன். கேட்காமலே உதவி செய்கிற ரகம். அன்றைக்கு அவனை வீரலட்சுமிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கார் ஓடினால் அவள் புருஷன் ஒச்சப்பன் ஷார்ஜாவுக்குக் கிளம்பிவிடுவான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அங்கே மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாத லீவு. அதிலும் பாதி சொந்தக்காரர்கள் வீட்டு விருந்தில் போய்விடும்.

இந்தத் தடவை பழைய விசா முடிந்து மட்டாஞ்சேரிக்கு வந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு பழைய இஞ்சிக் கிடங்கை இடித்தார்கள். உள்ளே கிடந்த சீமைக் கார் இவன் கைக்கு வந்து சேர்ந்தது. கூரை கிடையாது, இரண்டே சீட். ஒரு காலத்தில் பந்தயத்தில் பறந்த ஜாதியாம். வந்தபோது கதவுக்குள் காய்ந்த இஞ்சியும் ஒரு எலிக் குடும்பமும் இருந்தன.

ஷார்ஜாவில் புது விசாவோடு காத்திருக்கும் அண்ணனிடம், இது ஓடியதும் கிளம்பிவிடுகிறேன் என்று ஒச்சப்பன் போனில் சொல்லிவிட்டான். தெருவெல்லாம் சொல்லியும் விட்டான். இனி அவன் மாற்றிப் பேச மாட்டான்.

அதற்கப்புறம் வீட்டு முன்கொட்டகையில் காரும் அவர்கள் இரண்டு பேரும்தான். அவன் துரு சுரண்டுவான், அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். சீட் உறைகளை அவளே தன் மெஷினில் தைத்தாள். புருஷனோடு இவ்வளவு பேசியது இப்போதுதான். இவ்வளவு சிரித்ததும் இப்போதுதான்.

போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கை வந்தது.

போன மாதம் பழைய ஜெட்டைக் கழற்றி, துடைத்து வைக்கச் சொன்னான். துடைத்தாள். நேராகக் கொண்டுபோய் அஞ்சறைப்பெட்டியில் வெந்தயத்துக்குள் புதைத்துவிட்டாள். வெந்தயத்துக்குள் பித்தளை தெரியாது.

எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை என்று கையைப் பிசைந்தாள். அவனும் திட்டாமல் ஒரு வாரம் தேடினான்.

இப்போது புது ஜெட் வந்துவிட்டது.

சேவியர் அதை மாட்டினான். ஒச்சப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். வீரலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். பகவதி, ஓடக் கூடாது.

கர்... கர்... கர்...

ஓடவில்லை.

சேவியர் பானெட்டுக்குள் தலையை விட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினான். மூடிக்கு நடுவில் இருக்கவேண்டிய கார்பனைக் காணோம். ஸ்பிரிங் வைத்த சின்னக் கறுப்புச் சாமான். அது இல்லாமல் பிளக்குக்குக் கரண்டு போகாது. எங்கேயாவது கழன்று விழுந்திருக்கும் என்றான்.

"அடடா" என்ற ஒச்சப்பன் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கடியில் போய்ப் படுத்துத் தேட ஆரம்பித்தான்.

வந்த சந்தோஷத்தில் வீரலட்சுமிக்கு சேவியர் மேல் பாசம் பொங்கியது. கரிமீன் வாங்கியிருக்கிறேன், மத்தியானம் சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள்.

"அப்போ சேச்சி, குருமுளகு நல்லா இடிச்சுப் போடணும், கேட்டோ."

அவளுக்குக் காலையில் ஒச்சப்பன் சொன்னது ஞாபகம் வந்தது. இன்றைக்கு மீனுக்கு மிளகு வேண்டாம், மிளகாய்ப்பொடி போதும் என்றிருந்தான். அவித்த கப்பைக்கிழங்குக்கே மிளகு கேட்கிற மனுஷன். வாய்க்கு என்ன வந்ததோ என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தவன் வாய்விட்டுக் கேட்கும்போது என்ன செய்வது?

உள்ளே போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். ஒரு கை மிளகை அள்ளி இடிகல்லில் போட்டாள். குழவியை ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

ஒரு மிளகுக்கு வால் இருந்தது.

எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். மிளகு பருமனில் ஒரு கறுப்புத் துண்டு. பின்னால் மெல்லிய ஸ்பிரிங்.

அது தானாகக் கழன்று விழுந்து, கொட்டகையிலிருந்து அடுப்படிவரை நடந்து வந்திருக்க முடியாது.

சட்டென்று ஏதோ தோன்றி வெந்தயத்தைக் கிளறினாள். அவள் ஒளித்த ஜெட் அங்கேதான் இருந்தது. ஈரம் படாமல் பாலித்தீன் துண்டில் பொதிந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. அவள் பொதியவில்லை.

சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. கள்ளன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

கார்பனை மறுபடி மிளகுக்குள் புதைத்தாள். இடிகல்லில் இருந்த மிளகையும் அதன் மேலேயே கொட்டிப் பெட்டியை மூடினாள்.

"மிளகு தீர்ந்துபோச்சுங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

மட்டாஞ்சேரியில் மிளகு தீர்ந்துபோச்சா என்று சேவியர் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த தெரு மிளகு மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மிளகு வாசம் அடுப்படிவரை அடித்தது.



வீரலட்சுமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காருக்கடியில் ஒச்சப்பன் டார்ச்சை அணைத்துவிட்டு, தேடுவதை விட்டுவிட்டு, மல்லாந்து படுத்திருந்தான்.