மேடத்தின் பாஸ்வேர்டு

"திருட்டு! பச்சைத் திருட்டு!"

மேலாளர் மேடம் போட்ட சத்தத்தில், மருந்துக் கிடங்கின் அந்தக் கோடியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நேத்து மூணு மணிக்கு நான் தலைமை ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன். போன் ஆஃப். அதே மூணு மணிக்கு என் பேர்ல இங்க ஒருத்தருக்கு லீவு அனுமதி ஆயிருக்கு. எனக்கென்ன ரெண்டு உடம்பா இருக்கு?"

வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம் பண்ணேன்."

மேடத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது. மறுத்தால்தானே கேள்வி கேட்டு மடக்கிப் பிடிக்கலாம்! இவள் பாட்டுக்கு ஒப்புக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

"என் பாஸ்வேர்டு உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது மேடம். கம்ப்யூட்டருக்குத் தெரியும். உங்க பேர்ல முதல் எழுத்தை அடிச்சாலே மிச்சத்தை அதுவே போட்டுக்குது."

"ஓ! பிரவுசர்ல சேமிச்சு வேற வச்சிருக்கியா?"

மேடம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை விரலால் தட்டினார்.

"இது என்ன? படி. சத்தமா படி!"

"'அலுவலகக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமிப்பவர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, மேலாளர்.'"

"படிச்சேல்ல? நடவடிக்கைன்னா என்னன்னு இன்னைக்குக் காட்டறேன். கூப்பிடு அந்த சிஸ்டம் ஆளை!"

கிடங்கின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் வந்தார். மவுஸைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். முகத்தைத் தடவிக்கொண்டார்.

"மேடம், சேமிச்சது இந்தப் பொண்ணு இல்ல."

"பின்ன பேயா சேமிச்சுது?"

"போன மாசம் உங்க கம்ப்யூட்டர் ரெண்டு நாள் என்கிட்ட ரிப்பேர்ல இருந்துச்சே. அப்ப இந்த சீட்ல உட்கார்ந்துதானே எல்லார் லீவையும் பார்த்தீங்க? சேமிக்கட்டுமான்னு இது கேட்டிருக்கும். நீங்க சரின்னு தட்டியிருப்பீங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த நோட்டீஸைக்கூட அன்னைக்கு இங்கதான் அடிச்சீங்க மேடம்."

பெட்டி ஒட்டுகிற பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று மேடத்துக்கும் தெரியும்.

தப்பு தன் பக்கம் திரும்பினால் சிலருக்குக் குரல் இறங்கும். மேடத்துக்கு ஏறும்.

"நான் மறந்து கதவைத் திறந்து வச்சுட்டா? நீ உள்ள பூந்துடுவியா? அதுக்குப் பேரு திருட்டு இல்லாம என்ன?"

"தப்புதான் மேடம். ஆனா நேத்து வேற வழி தெரியல. டேப் அண்ணனோட சம்சாரத்துக்கு ஏழாம் மாசத்துலயே வலி வந்துடுச்சு. உடனே வாங்கன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்."

டேப் அண்ணன் பெட்டி ஒட்டுகிறவர். ஒட்டும் டேப்பை வளையல் மாதிரி எப்போதும் மணிக்கட்டில் மாட்டியிருப்பார். இன்றைக்கு அவர் இடம் காலி.

"உங்களுக்குப் பதினோரு தடவை போன் பண்ணேன் மேடம். அனுமதி விழாம வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார். சொல்லாமப் போனா வேலை போயிடும். அவர் இந்த மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதார். என்னால பார்த்துக்கிட்டு உட்கார முடியல."

"அடடா! பெரிய தர்மதேவதை! ஊர் லீவை எல்லாம் இவ அள்ளிக் கொடுப்பாளாம்!" மேடம் மேசையில் ஓங்கித் தட்டினார். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. "ஒரு மாசமா என் பாஸ்வேர்டு உன் கைக்குள்ள இருந்திருக்கு. உனக்கு எத்தனை நாள் போட்டுக்கிட்ட? சொல்லு!"

அவள் கவிழ்ந்த பேனாக்களைப் பொறுக்கினாள்.

"பார்த்தீங்களா, வாயைத் திறக்க மாட்டேங்கிறா! சார், இவளோட லீவுப் பக்கத்தைத் திறங்க. எல்லாரும் கேட்கிற மாதிரி படிங்க. இன்னையோட இவளுக்கு இங்க கணக்கு முடிஞ்சுது."

சிஸ்டம்காரர் திறந்தார். படிக்க ஆரம்பித்தார்.

"போன மாசம் ஒண்ணு கேட்டிருக்காங்க. ஒரு நாள் லீவு. காரணம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்க வேறு ஆள் இல்லை. நிராகரிக்கப்பட்டது."

"அடுத்தது!"

"இந்த மாசம் மூணாம் தேதி. அதே ஆபரேஷன். நிராகரிக்கப்பட்டது."

"அதெல்லாம் நான் பண்ணது. எனக்குத் தெரியாதா? அவளே போட்டுக்கிட்டதைப் படிங்க சார்!"

சிஸ்டம்காரர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணுதான் இருக்கு மேடம். நேத்துத் தேதிக்கு. அதே ஆபரேஷன். உங்க லிஸ்ட்ல டேப் அண்ணன் பேருக்கு நேர் கீழ இருக்கு. அவருக்கு அனுமதின்னு விழுந்திருக்கு. இவங்களுக்கு..." நிறுத்தினார். "இன்னும் நிலுவையில்தான் இருக்கு."

மேடம் குனிந்து தானே பார்த்தார். இரண்டு பெயர், ஒன்றின் கீழ் ஒன்றாக. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரி பச்சை பட்டன். ஒன்று அழுத்தப்பட்டிருந்தது.

"நேத்து நீ வேலைக்கு வந்திருந்தியே," என்றார். குரலில் பழைய சுருதி இல்லை. "ஆபரேஷன்?"

"மூணாவது தடவையா தள்ளிப் போட்டுட்டாங்க மேடம்."

"அவனுக்கு அழுத்தின கையால உனக்கும் ஒண்ணு அழுத்த வேண்டியதுதானே? ஏன் போகல?"

வரவேற்பு மேசைப் பெண் பேனா ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க இன்னும் அனுமதி கொடுக்கலையே மேடம்."