எழுபத்து மூன்று வெள்ளி

நல்லமுத்து சாப்பாட்டுக் கடைக்குத் தர வேண்டிய பாக்கி சரியாக எழுபத்து மூன்று வெள்ளி. காலையில்தான் சூலியா தெருவே கேட்கும்படி கடைக்காரர் சீனி முகம்மது அவனை ஏசியிருந்தார்.

மத்தியானம் அவரே நல்லமுத்துவின் வீட்டு வாசலில் நின்றார். கெப்பாலா பத்தாஸில் வெள்ளம். அந்த ஊரில் இருக்கும் அவருடைய நிறைமாதக் கர்ப்பிணி மகள் ஷஹீதா போனை எடுக்கவில்லை.

"உன் ரேடியோவிலே கேளு தம்பி."

நல்லமுத்து மீட்புக் குழுவின் ரேடியோ தொண்டூழியர். "உக்காருங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மைக்கில் ஷஹீதாவின் முகவரியைச் சொன்னான்.

ஒரு மணி நேரம் வெறும் இரைச்சல். சீனி முகம்மது மகளின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு அங்கிருந்த தொண்டூழியர் காமினியின் குரல் வந்தது: "ஷஹீதாவைப் படகிலே ஏத்தியாச்சு. நல்லா இருக்காங்க. செவென்டி த்ரீ."

"செவென்டி த்ரீ" என்று நல்லமுத்துவும் சொல்லி மைக்கை வைத்தான்.

கண்ணைத் துடைத்த சீனி முகம்மதுவின் முகம் சுருங்கிப்போனது. "நான் ஏசினதை அங்க வரைக்கும் சொல்லிட்டியா?"

"எதை அண்ணே?"

"எழுபத்து மூணு வெள்ளியை."

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ரேடியோக்காரங்க பேச்சுலா. பேசி முடிக்கிறப்ப சொல்ற வாழ்த்து."

சீனி முகம்மது சட்டைப் பையிலிருந்த பாக்கிச் சீட்டை எடுத்துக் கிழித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"செவென்டி த்ரீ, தம்பி. இனிமே இது வாழ்த்து மட்டும்தான்லா."